உருளும் சுமைதாங்கி

பழைய நடைபாதைகளில் சுமைதாங்கிக் கற்களைக் கண்டிருப்பீர்கள். நட்ட இரு கற்கள். அவற்றின்மேல் கிடத்திய ஒரு கல். கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக அவற்றை எழுப்புவது அந்நாளில் நம்மவர் வழக்கமாக இருந்தது. தலைச்சுமையோடு வருபவர் பிறர் உதவியின்றி இறக்கிவைத்து இளைப்பாறலாம். மிதிவண்டியின் பின்னே பூட்டும் கேரியருக்கும் அதே இலக்கணந்தான். கண்ணுக்குத் தெரிவது மேற்பலகை; சுமையைத் தாங்குவன கால்கள். இவ்வுண்மையை நாங்கள் பாலைக் கொட்டிக் கற்றுக்கொண்டோம்.

சித்தூரிலிருந்து திருப்பதி செல்லும் நெடுஞ்சாலையில் இருக்கிறது எங்கள் புத்தலப்பட்டு. 1960ஆம் ஆண்டு திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. எங்கள் ஊர் ஆந்திரத்திலேயே நின்றது. கடைத்தெருவில் தெலுங்கும் அடுப்படியில் தமிழுமாக வளர்ந்தோம். இரண்டு கறவை மாடுகளும் நைனாவின் பழைய மிதிவண்டியுமே எங்கள் குடும்பத்தின் முதல். எங்கள் வீட்டுப் பாலோடு அண்டை வீட்டாரின் பாலையும் சேர்த்துக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டு செல்வார் நைனா.

கேரியர் வாங்கச் சித்தூருக்குச் சென்றபோது, சுருள்வில் பிடியுடன் பளபளத்த ஒன்றைப் பிள்ளைகளாகிய நாங்கள்தாம் காட்டி அடம்பிடித்தோம். நைனா இணங்கினார். புத்தகமும் தூக்குச்சட்டியும் வைக்க ஏற்ற பொருள் அது. அதன் கால்கள் மெல்லிய கம்பிகள். அதில் 20 லிட்டர் கேனை ஏற்றினோம். பாலின் எடை மட்டுமே 20 கிலோவுக்கு மேல். கேனின் எடை வேறு. மூன்றாம் வாரம் ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கியது. ஒரு கால் மடங்கிற்று; கேன் சரிந்தது. மண் குடித்த பாலில் பாதிக்கு மேல் பிறருடையது. அதற்கு ஈடு கொடுத்ததில் அக்காவின் பள்ளிக்கட்டணம் போயிற்று. ஒரு மாதம் அவள் வீட்டிலிருந்தாள். நைனா எங்களை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. அதுவே பெரிதாகச் சுட்டது.

ஊரில் மிதிவண்டி பழுதுபார்ப்பவர், மடங்கிய கம்பியைக் கையில் எடுத்துப் பார்த்தார். “அண்ணே, மேலே மினுக்கறதையா பார்க்கறது? காலைப் பாருங்க” என்றார். பட்டை இரும்பில் கால்கள் அமைந்த கனத்த கேரியர் ஒன்றைத் தேடித் தந்தார். இரு கால்களையும் பின்சக்கர அச்சில் கோத்து, வாஷர் இட்டார். முன்கையை இருக்கைக்குக் கீழே சட்டத்தோடு இறுக்கினார். சக்கரம் நடுவில் நிற்கிறதா, சங்கிலியில் அளவான தொய்வு இருக்கிறதா என்று பார்த்த பிறகே அச்சின் நட்டை முடுக்கினார். ஒரு வாரம் ஓடியதும் மீண்டும் முடுக்கச் சொன்னார். சுமை அச்சுக்குப் பின்னே போனால் முன்சக்கரம் இலேசாகிக் கைப்பிடி ஆடும் என்பதால், கேனை இருக்கையை ஒட்டி நிறுத்தக் கற்பித்தார்.

அந்தக் கேரியர் பாலைச் சுமந்தது. அக்காவைப் பள்ளிக்குச் சுமந்தது. ஊரைவிட்டுப் புறப்பட்ட நாளில் எங்கள் தகரப்பெட்டியையும் பேருந்துவரை சுமந்தது.

அண்மையில் பெயர்த்திக்கு ஒரு மிதிவண்டி வாங்கினோம். கேரியரில் ‘25 கிலோ’ என்று பொறித்திருந்தது. அவள் நிறத்தைப் பார்த்தாள். நாங்கள் குனிந்து அதன் கால்களைத் தொட்டுப் பார்த்தோம்.