கங்கின் குணம்

நெடுநேரம் அவியாதிருக்கும் கங்குக்கு உவமை தேடிய அரபுப் புலவர்கள் ‘கழா’ என்னும் பாலை மரத்தைச் சொன்னார்கள். அதன் விறகு உறுதியானது. கங்கும் எளிதில் அடங்குவதில்லை. மதரஸாவில் அப்பாடல்களை ஓதிய நாளில் எங்கள் பக்கத்துச் சீமைக் கருவேலங்கரியையே நான் நினைத்துக்கொண்டேன். வறண்ட நிலத்து மரங்களுக்குள் ஏதோ உறவு இருக்கத்தான் செய்கிறது.

இறைச்சியைக் கங்கில் வாட்டி உண்பது நமக்குப் புதிதன்று. கரிகாற் சோழனைப் பாடும் பொருநராற்றுப்படையில் இரும்புக் கம்பியில் கோத்துச் சுட்ட ஊன் வருகிறது. அக்கம்பிக்குக் ‘காழ்’ என்று பெயர். இப்ராஹீம் நபி (அலை) விருந்தினர் முன் வைத்த கன்றைக் குறிக்கும் ‘ஹனீத்’ என்ற சொல்லுக்குச் சூடேற்றிய கற்களில் வாட்டியது என்று விரிவுரையாளர் பலர் பொருள் கூறுவர். அதே பண்டம்தான் இன்று ‘பார்பிக்யூ’ என்று பெயர் மாறி, நான்கு கால் முளைத்த இரும்புப் பெட்டியில் ஏறி எங்கள் வேப்பூருக்கும் வந்திருக்கிறது.

ஹஜ்ஜுப் பெருநாளன்று பிற்பகலில் எங்கள் தெருப் பிள்ளைகள் அதைப் பந்தலுக்கு அடியிலேயே வைத்து மூட்ட முனைந்தனர். “ஹழ்ரத், கொஞ்சம் பெட்ரோல் தெளித்தால் ஒரு நொடியில் பற்றிக்கொள்ளுமே” என்றான் ஒருவன். “தம்பி, முதலில் அந்தக் கேனைத் தூரக் கொண்டுபோய் வை” என்றேன். பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து பரவும். தெளிக்கும்போது நெருப்பு அந்த ஆவி வழியே கேனுக்கே திரும்பி வரும். அவிந்துவிட்டதென்று எண்ணி ஊற்றும் வேளைதான் மிகக் கொடியது. சாம்பலுக்குள் ஒரு கங்கு கண் விழித்திருந்தால் போதும்.

மூட்டுவதற்கு நம்மிடம் இல்லாததா? பன்னாடை, காய்ந்த தேங்காய் நார், சிரட்டைத் துண்டு, மேலே விரலளவுச் சுள்ளி, அதற்கு மேல் பிளந்து உலர்த்திய வேல விறகோ புளிய விறகோ. இடைவெளி விட்டு அடுக்க வேண்டும். அடியில் உள்ள காற்றுத் துளைகளைச் சாம்பல் அடைக்கக் கூடாது. ஈர விறகு புகையைத்தான் தரும். பழைய கதவுச் சட்டத்தில் பெயின்ட் இருக்கும். அதை எரித்த புகை இறைச்சியில்தான் படியும். அரளிக் குச்சியைக் கம்பியாகவும் செருகலாகாது, விறகாகவும் இடலாகாது. எங்கள் மாவட்டத்தில் முந்திரி மிகுதி என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். முந்திரிக் கொட்டையின் ஓடு நன்றாக எரியும். ஆனால் அதிலுள்ள எண்ணெய் தோலைப் புண்ணாக்கும், அதன் புகை கண்ணையும் தொண்டையையும் அறுக்கும். துத்தநாகம் பூசிய வாளியை அடுப்பாக்குவதும் தவறு. மிகுந்த சூட்டில் அப்பூச்சு நச்சுப் புகையாகும்.

அடுத்தது பொறுமை. விருத்தாசலத்துப் பீங்கான் சூளைக்காரர்கள் எடுத்த எடுப்பில் தீயை ஏற்றமாட்டார்கள். மண்ணிலுள்ள ஈரம் திடீரென்று ஆவியானால் பாண்டம் வெடிக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். புதிதாக வாங்கிய குமுட்டியடுப்புக்கும் இதே முறைதான். முதல் நாள் சிறு தீ போதும். விறகு அடுப்பிலோ சுவாலை முழுதும் அடங்கிக் கங்கின் மேல் வெண்சாம்பல் பூக்கும் வரை, அரை மணியோ முக்கால் மணியோ, இறைச்சியை வைக்காமல் இருக்க வேண்டும். சுவாலையில் வைத்தால் வெளியே கருகும், உள்ளே வேகாது. கொழுப்புச் சொட்டித் தீ எழுந்தால் தண்ணீர் வீசாமல் இறைச்சியை ஓரத்துக்கு நகர்த்துங்கள். ஒரு வாளி தண்ணீரும் ஒரு வாளி மணலும் பக்கத்தில் இருக்கட்டும்.

பிள்ளைகள் அடுப்பைத் திறந்த வெளிக்கு எடுத்துச் சென்றார்கள். கபாப் நன்றாகவே வந்தது. ஆனால் என் கவலை உண்டு முடித்த பிறகுதான் தொடங்கியது. தூறல் விழுகிறதே, அடுப்பைத் திண்ணையறைக்குள் வைத்துவிடலாமா என்று ஒருவன் கேட்டான்.

2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் விடுதியொன்றில் இறைச்சி சுட்ட கரியடுப்பை அவிக்காமல் அறைக்குள் வைத்து உறங்கிய இளைஞர் இருவர் காலையில் எழவில்லை. சுவாலையும் இல்லை, கண்ணை உறுத்தும் புகையும் இல்லை. கங்கு வெளியிடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. இரத்தத்தில் அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலிமையுடன் ஒட்டிக்கொள்கிறது. உறங்குகிறவன் இருமக்கூட மாட்டான். சன்னலைச் சற்றே திறந்து வைத்தால் போதும் என்பாரும் உண்டு. அதை நான் ஒப்புவதில்லை. அடுப்பு அறைக்குள் வரவே கூடாது, கூடாரத்துக்குள்ளும் வரக் கூடாது.

மதீனாவில் ஓரிரவு ஒரு வீடு, உள்ளே இருந்தோருடன் எரிந்துபோனதைக் கேட்ட பெருமானார் (ஸல்) அவர்கள், நெருப்பு நமக்குப் பகையென்றும் உறங்கும் முன் அதை அவிக்க வேண்டுமென்றும் பணித்ததை அபூமூஸா (ரலி) அறிவிக்கிறார்கள். புகாரியில் வரும் இந்த ஹதீதை விளக்குப் பாடமாகவே நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டோம். கங்குக்கும் அது பாடம் என்று அன்று அவர்களுக்குச் சொன்னேன்.

அவிப்பதிலும் முறை உண்டு. மணலில் புதைத்தால் கங்கு மறுநாள் வரை உள்ளே உயிரோடிருக்கும். வெறுங்காலோடு ஓடும் குழந்தை அதன் மேல் மிதிக்கும். மண்ணடுப்பில் நேரே தண்ணீர் ஊற்றினால் அடுப்பு விரியும். இடுக்கியால் கங்கை இரும்புச் சட்டிக்கு மாற்றி, சற்று விலகி நின்று கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுக் கிளறி, மறுபடியும் விட வேண்டும். அவிந்த கரியை வெயிலில் உலர்த்தி வைத்தால் அடுத்த முறை விறகைவிட விரைவில் பற்றும். அன்றைய கரி இரண்டு நாள் எங்கள் மாடியில் காய்ந்தது.