பலகைப் படம் யாருடையது?

அன்புள்ள யாழினிக்கு,

நீ அனுப்பிய கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். வேலை போனதைப் பற்றி இரண்டு வரி, விசா என்னாகுமோ என்று ஒரு வரி, மீதி முழுக்கத் தஞ்சாவூர் ஓவியம். மனசு எங்கே போய் ஒண்டியிருக்கிறது என்று புரிந்தது. ஆனால் கடைசியில் ஒன்று கேட்டிருக்கிறாய்: "தெலுங்கு ராஜுக்கள் வரைந்தது, மராட்டிய ராஜாக்கள் வளர்த்தது, இதில் உங்களுடையது என்ன என்று இங்கே ஒருவர் கேட்டார் அத்தை. பதில் சொல்லத் தெரியவில்லை. இதை நான் செய்யலாமா?" மேல வீதியில் வளர்ந்த பெண் இப்படி எழுதியது எனக்கு வருத்தம்தான். லீவுக்கு வந்தபோதெல்லாம் அரண்மனைப் பக்கம் போகலாம் என்று கூப்பிட்டேன். வெயில் என்று தட்டிக் கழித்தாய்.

கேட்டவர் சொன்னதில் பொய் இல்லை. 1565-ல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் விழுந்தது. சோறு போட்ட அரண்மனை போனதும் ஓவியக்காரர்கள் பிழைப்பைத் தேடித் தெற்கே வந்தார்கள். இங்கே முதலில் நாயக்கர், அப்புறம் மராட்டியர். வரைந்த குடும்பங்கள் வீட்டில் தெலுங்கு பேசின. இருக்கட்டுமே! அவர்கள் மரப்பலகையில் யாரை உட்கார வைத்தார்கள்? நம் நாயன்மார் அறுபத்துமூவரை ஒரே படத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். திரைச்சீலை மராட்டியர் தர்பாரிலிருந்து வந்தது. சில படங்களில் மேலே இறக்கை முளைத்த வெள்ளைக்காரக் குழந்தைகள்கூடப் பறக்கும். தவழ்கிற கிருஷ்ணன் பல பழைய படங்களில் நீலமாக இருக்க மாட்டான், வெளுப்பாக, கொழுகொழுவென்று இருப்பான். வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொன்றை வைத்துவிட்டுப் போன பலகை அது. காவிரிக்கரைக்கு வந்து இத்தனை தலைமுறை ஆனபிறகும் அவர்களை வெளியூர்க்காரர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவர்கள் இந்த ஊர்க்காரர்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. இரண்டாம் சரபோஜி 1798-ல் பட்டத்துக்கு வந்தார். மறு வருஷமே கிழக்கிந்தியக் கம்பெனியோடு உடன்படிக்கை, நாட்டு நிர்வாகம் கைவிட்டுப் போனது. கோட்டையும் அதைச் சுற்றிக் கொஞ்சமும்தான் மிச்சம். அந்த மனிதர் அதற்கப்புறம் முப்பத்துச் சொச்சம் வருஷம் சரசுவதி மகால் நூலகத்தில் ஏடு சேர்த்தார், ஓவியர்களுக்கு வேலை கொடுத்தார். தஞ்சாவூர்ப் படம் தங்கத்தில் தகதகத்தது அவர் காலத்தில்தான். நாளைக்கு என்ன என்று தெரியாத அரண்மனையில் அவ்வளவு பொறுமையான வேலை நடந்திருக்கிறது! உன் நிலைமையை நினைக்கும்போது இதுதான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது.

1855-ல் ஆண் வாரிசில்லாமல் அந்த அரசும் முடிந்தது. பிறகு செட்டிநாட்டு வீடுகள் வாங்கின. அப்புறம் ரவிவர்மா அச்சகத்தின் காலம். கொஞ்சக் காசுக்கு லட்சுமியும் சரஸ்வதியும் கிடைத்தால் பலகைப் படத்தை யார் தேடுவார்கள்?

அதற்குத் திரும்ப உயிர் கொடுத்ததில் எங்களுக்கும் பங்கு உண்டு என்பது என் கட்சி. "வீட்டுப் பெண்களின் பொழுதுபோக்கு" என்று இளப்பமாகச் சொல்கிறார்களே, அந்தப் பெண்கள்தான். கல்யாணமாகிச் சென்னைக்குப் போன புதிதில், மாமா வேலை பார்த்த ஆலை கதவடைப்பில் கிடந்தது. திறப்பார்களா, மாட்டார்களா என்று யாருக்கும் தெரியாது. மாமா வாசலுக்கும் கூடத்துக்கும் நடப்பார். மாடி வீட்டு அம்மாள் என்னைக் கூப்பிட்டு, "இப்படி உட்கார்ந்து சுக்கான் மாவு சலி" என்றார். அப்படித்தான் தொடங்கியது. மத்தியானம் நாலைந்து பெண்கள் சேர்வோம். ஒருத்தி வீட்டில் நோயாளி, ஒருத்திக்குக் கடன். கை வேலையில் இருக்கும்போது அதையெல்லாம் பேசுவது சுலபமாக இருந்தது. வீட்டுக் கவலையை அங்கே மறந்தேன் என்று சொல்ல மாட்டேன். மாமாவுக்குச் சமமாக நானும் நடந்துகொண்டிருக்காமல், ஓரிடத்தில் உட்கார முடிந்தது.

இப்போது நீ அனுப்பிய படத்துக்கு வருகிறேன். கிரீடத்தில் மக்கு, அதாவது சுக்கான் மாவும் பசையும் குழைத்த பூச்சு, வெடித்திருக்கிறது, பார்த்தேன். ஒரே பூச்சில் உயரம் கொண்டுவரப் பார்த்திருக்கிறாய். மாவும் பசையும் தோசை மாவுப் பதத்தில் இருக்க வேண்டும். தூரிகை நுனியில் எடுத்துக் கோட்டின் மேல் விட்டுக்கொண்டே போ. தேய்க்காதே. மெல்லியதாக ஒரு பூச்சு, அது தானாகக் காய்ந்த பிறகு அடுத்தது. மணி வைக்கிற இடத்தில் கல் உட்காரப் பள்ளம் விடு. உங்கள் ஊர்க் குளிரில் நாளெல்லாம் ஹீட்டர் ஓடும், அந்த உலர்ந்த காற்றில் மேல்தோல் மட்டும் சீக்கிரம் இறுகி, உள்ளே ஈரம் நிற்கும். விரிசல் அதனால்தான். பலகையை ஹீட்டர் பக்கத்தில் வைக்காதே. வெடித்ததைச் சுரண்டிவிட்டுத் திரும்பப் போடு, கூச்சப்படாதே. தங்க ரேக்கு ஒட்டி முடித்த பிறகுதான் வண்ணம். முகம் எல்லாவற்றுக்கும் கடைசி, கண் அதற்கும் கடைசி. அதுவரை அந்த உருவத்தைக் கண்ணில்லாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு இன்றைக்கும் அது சிரமம்தான், ஆனால் அவசரப்பட்டதில்லை.

நீ வாங்கிய ஓவியப் பெட்டியில் வந்த பளபளப்புத் தாளை ஒட்டியிருக்கிறாய் போலிருக்கிறது. அது கறுக்கும். செலவுக்குப் பயப்படாதே, அசல் ரேக்கு நான் வாங்கித் தருகிறேன். உன் சித்தப்பா மகன் தை பிறந்ததும் அந்தப் பக்கம் வருகிறான், கொடுத்தனுப்புகிறேன்.

கேட்டவருக்கு நீ பதில் சொல்ல வேண்டும் என்று நான் கட்டாயப்படுத்தவில்லை. கேட்டது உனக்குள்ளேயும் இருந்ததால்தான் எனக்கு எழுதியிருக்கிறாய். அதனால் உனக்குச் சொல்கிறேன்: தாராளமாகச் செய். விஜயநகரத்திலிருந்து வந்தவர்களுக்கும் போன இடம் புதுசு, அடுத்த மாசக் கூலி நிச்சயமில்லை.

பாட்டிக்கு மாசத்துக்கு ஒரு தரமாவது போன் செய். உன் படத்தைக் காட்டினேன், கிருஷ்ணனுக்கு இன்னும் கன்னம் வேண்டும் என்கிறாள். எனக்கும் அதே எண்ணம்தான். கல் ஒட்டுவதற்கு முன்னால் ஒரு படம் எடுத்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

பிரியமுள்ள,
அத்தை