பேஸ் கேம்ப் அரியாங்குப்பம்!

பாண்டிச்சேரி டூர்னா என்ன? ராக் பீச்சில் ஒரு போட்டோ, மஞ்சள் சுவர் முன்னாடி இன்னொரு போட்டோ, ரிட்டர்ன் பஸ். அவ்ளோதானே உங்க பிளான்? கொஞ்சம் தெற்கே தள்ளி வாங்க. டவுனை விட்டு கடலூர் ரோட்டில் நாலைந்து கிலோமீட்டர் வந்தா அரியாங்குப்பம். இதைத் தலைமையிடமா வெச்சுக்கிட்டா நாலு நாள் லீவுக்கு நாலு ட்ரிப் ரெடி. பாக்கெட் மணியும் தாங்கும்!

முதல் நாள்: வாசல்லயே ரோம்!

அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கு அரிக்கமேடு. 1937-ல் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் இங்கே கிடைத்த பழம்பொருட்களைச் சேகரித்தார். ஊர்ப் பிள்ளைகள் பொறுக்கி வைத்திருந்ததையும் வாங்கினார். அதில் ஒரு கல்லில் செதுக்கியிருந்த முகம் ரோமப் பேரரசர் அகஸ்டஸ் என்று அவர் சொல்ல, ஊர் உலகப் புகழ் பெற்றது. 1945-ல் மார்டிமர் வீலர் தோண்டினார். இத்தாலியின் அரெஸ்ஸோ பாணி மண்பாண்டங்களும், ஒயின் வந்த ஆம்போரா ஜாடித் துண்டுகளும் கிடைத்தன. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழு மறுபடி தோண்டி, ரோமானியர் வருவதற்கு முன்பே இங்கே ஊர் இருந்ததைக் காட்டியது. கண்ணாடி மணி செய்வதில் நம்ம ஆளுங்க கில்லாடிகள். மேடு முழுக்க அதற்குச் சாட்சி.

ஒரு உஷார் தகவல். அங்கே நிற்கும் செங்கல் சுவர்களைப் பார்த்து ‘ரோமன் பில்டிங்டா மச்சி’ன்னு ஸ்டேட்டஸ் போட்டுடாதீங்க. அது 18-ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்தவக் குருமடத்தின் மிச்சம். தோண்டிய குழிகளை மூடிட்டாங்க. அதனால கண்ணுக்குத் தெரிவது தோப்பும் ஆறும்தான். பொருட்களைப் பார்க்க பாரதி பூங்கா பக்கத்து மியூசியத்துக்குப் போகணும்.

சாயங்காலம் வீராம்பட்டினம். ஆடி ஐந்தாம் வெள்ளியில் வந்தால் செங்கழுநீர் அம்மன் தேர். பிரெஞ்சு கவர்னர்கள் வடம் பிடித்த வழக்கத்தை இன்று துணைநிலை ஆளுநர் தொடர்கிறார். பக்கத்தில் சின்ன வீராம்பட்டினத்து ஈடன் பீச் 2021-ல் நீலக்கொடிச் சான்றிதழ் வாங்கிய கடற்கரை. படகு பிரியர்கள் நோணாங்குப்பம் சுண்ணாம்பாற்றுக்கு நடையைக் கட்டலாம்.

இரண்டாம் நாள்: 9-ஆம் நூற்றாண்டு காலேஜ்

கடலூர் ரோட்டிலிருந்து மேற்கே உள்ளே போனால் பாகூர். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடு ஒன்று இந்த ஊரில் கிடைத்தது. இங்கிருந்த வித்யாஸ்தானத்துக்கு, அதாவது அந்தக் கால காலேஜுக்கு, மூன்று கிராமங்களைத் தானமாகக் கொடுத்த செய்தி அதில் இருக்கு. ஃபீஸ் கட்டி நொந்துபோன மக்களே, பெருமூச்சு விட்டுக்குங்க! மூலநாதர் கோயிலின் சோழர் காலச் சிற்பங்களை நிதானமா பாருங்க. ஏரிக்கரை காற்று ஃப்ரீ.

மூன்றாம் நாள்: குண்டு விழுந்த தூரம்

அதே ரோட்டில் கடலூர். தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1690-ல் ஆங்கிலேயர் மராட்டியரிடம் விலைக்கு வாங்கினாங்க. எல்லை எதுவரை? பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை! சென்னையிலிருந்து நல்ல பீரங்கியா பார்த்து வரவழைச்சுச் சுட்டாங்களாம். அந்த எல்லைக்குள் வந்தவை ‘குண்டு கிராமங்கள்’. 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்து இடித்தார். இப்போ இடிபாடுதான். ஆனால் சில்வர் பீச் இருக்கே!

நான்காம் நாள்: கல்லான மரம் அல்லது மலை

காலில் தெம்பு இல்லாதவங்க திருவக்கரை போங்க. சுமார் 2 கோடி வருஷத்துக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கும் தேசியப் பூங்கா. பட்டையும் கணுவும் மரம் மாதிரியே தெரியும். தட்டிப் பார்த்தா கல்.

தெம்பு உள்ளவங்களுக்கு செஞ்சி. திண்டிவனம் போய் பஸ் மாறலாம். ராஜகிரி சுமார் 800 அடி. மராட்டிய மன்னர் ராஜாராமை வைத்து மொகலாயர் 1690 முதல் 1698 வரை முற்றுகை போட்ட கோட்டை இது. 1750-ல் பிரெஞ்சுக்காரர் புஸ்ஸி ஒரே ராத்திரியில் பிடித்தார். 2025-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பிடித்தது. காலையிலேயே ஏறிடுங்க. மதியத்துக்கு மேல் தொடங்கினால் நாக்கு தள்ளிடும்.

ட்ரிப் டிப்ஸ்

* தண்ணி பாட்டில், தொப்பி, குரங்குகளிடமிருந்து காப்பாற்ற ஜிப் வெச்ச பை. செஞ்சியில் கட்டாயம்.

* முகத்துவாரம் பக்கம் கடலில் இறங்கவே வேண்டாம். இழுவை எப்போ வரும்னு தெரியாது. மீனவர் ‘வேணாம் தம்பி’ன்னா, வேணாம்தான்.

* அரிக்கமேட்டில் மழைக்குப் பிறகு மணியோ ஓடோ கண்ணில் படலாம். எடுத்து பையில் போடாதீங்க, யாராவது விற்றாலும் வாங்காதீங்க. எந்த மண் அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதை வெச்சுத்தான் அதன் வயதைச் சொல்ல முடியும். இடம் மாறினால் அது வெறும் கண்ணாடி. நாம ஆளுக்கு ஒண்ணு எடுத்தா, நாளைக்குத் தோண்ட வரும் ஹிஸ்டரி ஸ்டூடண்டுக்கு மண்ணு மட்டும்தான் மிஞ்சும். அந்த ஸ்டூடண்ட் நீங்களாகவே இருக்கலாம் பாஸ்!