தடுத்த பந்துகளின் கணக்கு

அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படம் போட்ட அட்டைகளைச் சேர்ப்பது பெரிய பைத்தியம். 1909 முதல் 1911 வரை சிகரெட் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்த வரிசையைச் சேர்ந்த ஹோனஸ் வாக்னர் அட்டை ஒன்று 2021இல் 66 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. மலேசியாவில் எங்கள் மலையூரான கம்போங் ராஜாவில் அட்டைக்கு எங்கே போவது? எனக்கு வாய்த்தது பழைய பேப்பர். என் ஆட்டக்காரர் கோல்கீப்பர் ஆர். ஆறுமுகம்.

1953இல் பிறந்தவர். சிலாங்கூருக்கும் மலேசியாவுக்கும் கோல் காத்தவர். கை நீளம் என்பதால் 'ஸ்பைடர்மேன்' என்று பெயர். 1980இல் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றது நம் அணி. ஆப்கானிஸ்தானில் சோவியத் படை புகுந்ததைக் கண்டித்து மலேசியா போகவில்லை. 1988 டிசம்பரில் கார் விபத்தில் ஆறுமுகம் போய்விட்டார். வயது 35.

கோல் அடிக்கும் மொக்தார் டஹாரிக்குக் கோல் கணக்கு உண்டு. தடுத்த பந்துக்கு அந்தக் காலத்தில் யார் கணக்கு வைத்தார்கள்? கோல்கீப்பருக்கு மிஞ்சுவது படம்தான்.

அப்போதெல்லாம் தோட்டத்துக் கிராணி வீட்டில் படித்து முடித்த தமிழ் நேசன் நாளிதழ் கடைக்குப் போய்க் கடலை மடிக்கும். அதற்குள் கேட்டு வாங்கிப் படத்தை வெட்டிவிட வேண்டியிருந்தது. மலை ஈரத்தில் காகிதம் பூசணம் பிடிக்கும். அதனால் படங்களை ஒட்டிய நோட்டுப் புத்தகம் பிஸ்கட் டின்னில், அடியில் ஒரு பிடி அரிசியோடு இருக்கிறது. மைதாப் பசையை ஓரத்தில் மட்டும் தடவுவேன், திருப்பிப் பார்க்க வசதியாக.

ஒரு படத்தில் உடம்பு முழுக்க அந்தரத்தில் படுத்திருக்கிறது, விரல்நுனி பந்தைத் தொட்டும் தொடாமலும். திருப்பினால் பாதி நகைக்கடை விளம்பரம், ரப்பர் விலை, பெயர் வெட்டுப்பட்ட ஒரு மரண அறிவிப்பு. பிற்காலப் பேஸ்பால் அட்டையின் பின்பக்கத்தில் ஆட்டக்காரரின் புள்ளிவிவரம் இருக்கும். என் நோட்டில் அந்த இடத்தில் நம் சனங்களின் அன்றைய பாடு இருக்கிறது.

இந்த நோட்டு என்ன விலை போகும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். ஏலம் கேட்க இரண்டு பேராவது வேண்டுமே! ப்ளூ வேலித் தோட்டத்துப் பெரியவர்கள் வந்தால் டின்னைத் திறப்பேன். வானொலியில் கேட்ட ஆட்டத்தை நேரில் பார்த்த மாதிரியே சொல்வார்கள். ஆறுமுகம் எத்தனை பந்து தடுத்தார் என்பதில் மட்டும் இருவர் கணக்கு ஒத்துப்போவதில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது.