எத்தனையாவது நாள் காய்ச்சல்?



என் அக்காவைப் பற்றிப் பலர் போனில் விசாரித்தீர்கள். திருத்தணி வீட்டுக்கு வந்துவிட்டார், நலமாக இருக்கிறார். நடந்தது எல்லோருக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

பித்தப்பை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இரண்டாம் நாள் இரவு 103 டிகிரி காய்ச்சல். பார்க்க வந்தவர்கள் எல்லாம் "தையல் பழுத்திருக்கும்" என்றார்கள். டூட்டி டாக்டரோ, "ஆபரேஷன் முடிந்து எத்தனை மணி நேரம் ஆகிறது?" என்றுதான் முதலில் கேட்டார்.

காரணம் இருக்கிறது. முதல் 48 மணி நேரத்தில் வரும் காய்ச்சல் பெரும்பாலும் அறுவைக்கு உடம்பு காட்டும் எதிர்வினைதான்; தானே தணிந்துவிடும். மூன்றாம் நாளுக்குப் பிறகு என்றால் சிறுநீர்க் குழாய், நுரையீரல், டிரிப்ஸ் ஊசி போட்ட இடம் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். தையலில் சீழ் பிடிப்பது பொதுவாக ஐந்தாம் நாளுக்கு மேல். ஆனால் முதல் நாளிலேயே தையலைச் சுற்றித் தாங்க முடியாத வலியும், வேகமாகப் பரவும் சிவப்பும் இருந்தால் அது உயிர் ஆபத்து. கொஞ்சமும் தாமதிக்கக் கூடாது.

அக்காவுக்கு மறுநாளும் காய்ச்சல் இறங்கவில்லை. தையல் சுத்தமாக இருந்தது. சிறுநீர்ப் பரிசோதனையிலும் ஒன்றுமில்லை. "ஊரில் என்ன வேலை செய்வார்?" என்று டாக்டர் கேட்டார். மாட்டுக்குப் புல் அறுப்பார் என்றேன். உடனே நர்ஸை அழைத்து உடம்பு முழுவதும் பார்க்கச் சொன்னார். புடவைக் கட்டுக்குக் கீழே, சிகரெட்டால் சுட்டது போல் ஒரு கருப்புப் பொருக்கு. வலியில்லை, அரிப்பில்லை. அதனால் அக்காவுக்கே தெரியவில்லை.

ஸ்க்ரப் டைபஸ் என்கிற உண்ணிக் காய்ச்சல்! புதர்களில் இருக்கும் மிகச் சிறிய பூச்சி கடித்து, ஏறத்தாழ பத்து நாள் கழித்துத்தான் காய்ச்சல் தொடங்கும். அக்கா அதை வீட்டிலிருந்தே கொண்டு போயிருக்கிறார். வேலூர், சித்தூர் பக்கமெல்லாம் மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் இது அதிகம். தையலுக்காகப் போடும் வழக்கமான ஆன்டிபயாடிக் பலவும் இதற்குக் கேட்காது. டாக்ஸிசைக்ளின் கொடுத்தார்கள், இரண்டே நாளில் காய்ச்சல் விட்டது. கவனிக்காமல் விட்டால் நுரையீரல், சிறுநீரகம் வரை பாதித்து உயிரையே எடுக்கும்.

ஆபரேஷனுக்குப் பின் வந்ததெல்லாம் ஆபரேஷனால் வந்தது ஆகாது. ஆகவே நோயாளியுடன் இருப்பவர்கள் காய்ச்சல் தொடங்கிய நேரத்தைக் குறித்து வையுங்கள். நர்ஸுக்குச் சொல்லாமல் மாத்திரை கொடுக்காதீர்கள். வயல், புல், கொசு, வெளியூர்ப் பயணம் எதுவானாலும் கேட்காமலே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். இந்த விவரங்கள் வீட்டார் வாயிலிருந்துதான் வர வேண்டும்.