புதுப்பேட்டைக்குக் கிளம்பும் முன், 'மிஸ்' அடிப்பது எந்த சிலிண்டர் என்று பாருங்கள்!

சென்னை எழும்பூர் ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான். ஆதித்தனார் சாலைப் பக்கம் வரும்போதே கிரீஸ் வாசனை அடிக்கும். கூவம் கரையை ஒட்டிய புதுப்பேட்டைச் சந்துகளில் கார் கதவுகள் சுவரில் சாய்ந்து நிற்கின்றன, பம்பர்கள் தலைக்கு மேல் தொங்குகின்றன. அம்பாசடர், மாருதி 800 இரண்டின் தயாரிப்பும் 2014-லேயே நின்றுவிட்டது. இன்னமும் அவற்றை ஓட்டுபவர்களுக்கு, ஷோரூமில் கிடைக்காத பாகத்தைத் தேட இதுதான் இடம்.

இதே தெருக்களில்தான் பழைய கார்களைப் பிரித்துப் போடவும் செய்கிறார்கள். அப்பா காலத்துக் காருக்குப் பாகம் வாங்க வருகிறவர், அதே மாடல் கார் ஒன்று எலும்புக்கூடாகக் கிடப்பதைத் தாண்டித்தான் கடைக்குள் நுழைய வேண்டும். 'இதுக்கு மேல செலவு பண்ணணுமா?' என்ற கேள்வி அங்கேயே வந்துவிடும்.

அந்தக் கேள்வியை அதிகம் கிளப்புவது 'மிஸ்ஸிங்'. சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங் உதறும், சைலன்சரில் 'பட்... பட்' என்று விட்டுவிட்டுச் சத்தம் வரும், மேம்பாலம் ஏற இழுவை இருக்காது. ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். அம்பாசடரின் நான்கு சிலிண்டரில் ஒன்று படுத்தால்கூட எப்படியோ வீடு வந்துவிடலாம். மாருதி 800-க்கு இருப்பதே மூன்றுதான். ஒன்று போனால் வண்டியே சோர்ந்துவிடும்.

பதற்றத்தில் பிளக், காயில், கார்புரேட்டர் என்று வரிசையாக மாற்றுவதில்தான் பணம் கரைகிறது. பழைய பாகத்தை வாங்கிவிட்டு, 'இது இல்லையாம்ணே' என்று திருப்பிக் கொடுப்பது அவ்வளவு சுலபமா என்ன?

டிஸ்ட்ரிபியூட்டர் வைத்த பழைய வண்டிகளில் மெக்கானிக்குகள் செய்வது எளிய சோதனை. இன்ஜின் ஓடும்போதே, ஷாக் அடிக்காத இடுக்கியால் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுவார்கள். நல்ல சிலிண்டரின் ஒயரைக் கழற்றினால் உதறல் கூடும். எதைக் கழற்றியும் சத்தம் மாறவில்லையோ, அதுதான் ஆள்! (வீட்டில் வெறும் கையால் முயற்சிக்க வேண்டாம். கம்ப்யூட்டர் வைத்த புது வண்டிகளில் இது கூடவே கூடாது. அங்கே ஸ்கேனரை மாட்டினால் பி0301, பி0302 என்று சிலிண்டர் எண்ணோடு கோடு வரும்.)

அடுத்து அந்த சிலிண்டரின் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். முனை இளம் பழுப்பாக இருந்தால் ஆரோக்கியம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ரிங் அல்லது வால்வு பக்கம் சந்தேகம். இந்த பிளக்கைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் போட்டதும் மிஸ்ஸிங்கும் அங்கே நகர்ந்தால், கோளாறு பிளக்கில்தான். சில நூறு ரூபாயோடு விஷயம் முடிந்தது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னொரு கூத்து. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் மயிரிழை விரிசல் இருந்தால் ஈரம் இறங்கி, மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் வழியிலேயே கசியும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு பானட்டைத் திறந்தால், ஒயர்களின் மேல் குட்டிக் குட்டி நீலப் பொறிகள் தெரியலாம். மூடியை மாற்றும்போது ஒயர்களின் வரிசையைக் குறித்துக்கொள்வது முக்கியம். அம்பாசடருக்கு அது 1-3-4-2. ஒன்று மாறினாலும் புது மிஸ்ஸிங் இலவசம்.

இதெல்லாம் சரியாக இருந்தும் உதறினால் கம்ப்ரஷன் கேஜ் வைக்க வேண்டியதுதான். மற்றவற்றைவிட ஒரு சிலிண்டரில் அழுத்தம் குறைவாக இருந்தால், பிளக் துளைக்குள் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளப்பார்கள். அழுத்தம் ஏறினால் தேய்ந்தது ரிங். ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களிலும் குறைந்தால் ஹெட் கேஸ்கட்டைப் பார்க்க வேண்டும். இன்ஜினைப் பிரிப்பதா, காரை அந்தச் சந்திலேயே விட்டுவிடுவதா என்று வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டிய நேரம் அதுதான். அதற்கு முன்னால் இல்லை.

ஒன்று மட்டும். புதுப்பேட்டையில் கதவு, கண்ணாடி, கியர் பாக்ஸ் பழையதாக வாங்கலாம். பிளக், ரோட்டர், பாயின்ட், பிளக் ஒயரைப் பழையதாக வாங்காதீர்கள். கூவம் பாலத்தைத் தாண்டி அண்ணா சாலைப் பக்கம் போனால், ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் புதிதாகவே கேட்கலாம். கழற்றிய பழைய பாகத்தையும் கையோடு எடுத்துப் போங்கள்.