சத்தம் நின்ற தாடை

காது வலி என்று முதலில் காது டாக்டரிடம் போய், அங்கே "காதில் ஒன்றுமில்லை" என்று கேட்டபின் பல் மருத்துவரான என்னிடம் வருகிறவர்கள் நிறைய. எக்ஸ்ரே எழுதுமுன் காதுத் துளைக்குச் சற்று முன்னால் இரண்டு பக்கமும் விரல் வைத்து, "மெதுவாத் திறங்க" என்பேன். தாடையெலும்பின் தலை முதலில் இருந்த இடத்திலேயே உருளும். வாய் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் திறந்ததும் முன்னோக்கி வழுக்கும்.

இந்த வழுக்கலுக்கு இடம் கொடுப்பது தாடை மூட்டைச் சுற்றியிருக்கும் உறை. மேல்பாதி தளர்வு, கீழ்ப்பாதி எலும்புத் தலையின் கழுத்தோடு இறுக்கம். உள்ளே டிஸ்க் என்ற ஜவ்வு ஒன்று மூட்டறையை மேல், கீழ் என இரண்டாகப் பிரிக்கிறது. மேலறை கொள்வது ஒரு மில்லிக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். டிஸ்கின் நடுப்பகுதியில் நரம்பில்லை. வலிப்பது உறையும், டிஸ்குக்குப் பின்னாலுள்ள திசுவும். உறைக்கு வரும் அதே நரம்புதான் காதின் முன்பகுதிக்கும் போகிறது. அதனால்தான் தாடை வலி காது வலியாகத் தெரிகிறது. 1934-இல் ஜேம்ஸ் காஸ்டன் என்ற அமெரிக்கக் காது மருத்துவர், பல் விழுந்து தாடை கூடுதலாக மூடுவதே இந்த வலிக்குக் காரணம் என்றார். அந்த விளக்கம் நிற்கவில்லை. அவர் பெயர் மட்டும் நோயோடு நெடுநாள் ஒட்டிக்கொண்டிருந்தது.

'டக்' சத்தத்துக்குத்தான் ஜனங்கள் அதிகம் பயப்படுகிறார்கள். டிஸ்க் முன்னால் நழுவியிருக்கும். திறக்கும்போது எலும்புத் தலை அதன்மேல் ஏறுகிற சத்தம் அது. வலியில்லையென்றால் நான் கை வைப்பதில்லை. என்னைக் கவலைப்பட வைப்பவர் வேறு ஒருவர்: "சத்தம் தானா நின்னுருச்சு டாக்டர், ஆனா இட்லியைக்கூடப் பிட்டுத்தான் போட வேண்டியிருக்கு." டிஸ்க் இப்போது வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. வாய்க்குள் மூன்று விரல் போக வேண்டிய இடத்தில் இரண்டுதான் போகும். திறக்கையில் மோவாய் நோவுள்ள பக்கம் கோணும்.

சிகிச்சை முதலில் மெத்தென்ற சாப்பாடு, மாத்திரை, பயிற்சி. அதில் தீராதபோது மேலறைக்குள் இரண்டு ஊசி செருகி உப்புநீரால் கழுவுவோம். 1991-இல் டோரிட் நிட்சானும் உடன் மருத்துவர்களும் எழுதிய முறை இது. டிஸ்க் பெரும்பாலும் பழைய இடத்துக்குத் திரும்புவதில்லை. ஆனாலும் பலருக்கு வாய் திறக்கிறது, வலி குறைகிறது. டிஸ்கை இழுத்துத் தைத்தே தீரவேண்டும் என்று நம்பியவர்களை இது யோசிக்க வைத்தது.

"ஜவ்வு சரியாயிடுச்சா டாக்டர்?" என்று எல்லோரும் கேட்பார்கள். இல்லை என்றதும் முகம் வாடும். அதனால் முதலில் அவர்களுடைய மூன்று விரலை வாயில் வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். பதிலைப் பிறகு சொல்கிறேன்.